கை எடுக்காமல்

மார்கழியில் விடிவதற்கு முன்னால் மந்தைவெளிச் சந்துகளில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வாசலுக்கு வாசல் ஈரம் காயாத தரையில் கோலம் இருக்கும். மிதித்தால் திட்டு நிச்சயம். அடுக்குமாடிகள் வந்த பிறகு கோலத்துக்கு இடம் குறைந்துவிட்டது. ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் கிடைக்கிற மூன்றடியில் ஒடுங்கிக்கொள்கிறது. அகலமான கோலத்தைப் பார்க்க ஆசையிருந்தால் ஜனவரியில் மயிலாப்பூர்த் திருவிழா நடக்கும்போது வடக்கு மாட வீதிக்குப் போக வேண்டும். அங்கே போட்டிக்குக் கட்டம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

மந்தைவெளியில் இருந்த என் பெரியம்மாவுக்குச் சிக்குக் கோலம்தான் கோலம். பூக்கோலம், வண்ணக்கோலம் எல்லாம் அவருக்கு ஒப்பனை. புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி இழை ஓட்டி, எடுத்த கையை வைத்த இடத்திலேயே கொண்டுவந்து முடிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்தேன்.

"மூணுக்கு மூணு வெக்காதடா, இழை ஒட்டாது. மூணுக்கு நாலு வெச்சா ஓடும்."

"நாலுக்கு ஆறு?"

"அதுவும் ஒட்டாது. ரெண்டா நிக்கும்."

"உங்களுக்கு எப்படிப் பெரியம்மா தெரியும்?"

"போட்டுப் பார்த்தேன்."

போட்டுப் பார்க்காமலேயே சொல்ல முடியுமா? கணிதத்தின் பழைய கணக்குகளில் பாதி இந்தக் கேள்வியைத்தான் வேறுவேறு வேஷத்தில் கேட்கின்றன. சிலவற்றுக்கு 'முடியும்' என்று பதில் கிடைத்திருக்கிறது. ஒன்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கண்டுபிடிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் காத்திருக்கிறது. அது வரும்போது பார்க்கலாம், முதலில் கோலத்தை முடிப்போம்.

பெரியம்மாவின் எளிய சிக்குக் கோலத்துக்கு விதிகள் கொஞ்சம்தான். நேர்ப்புள்ளிகளை நீள்சதுரமாக வைக்க வேண்டும். இழை எப்போதும் சாய்வாகவே போகும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நட்டநடுவில் இரண்டு இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும். வெட்டும் இடத்தில் திரும்பக் கூடாது, நேரே போக வேண்டும். கோலத்தின் விளிம்புக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்பலாம், கேரம் போர்டில் காய் கட்டையில் பட்டுத் திரும்புவதைப் போல.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 2-க்கு 3 ஒரே இழை. 3-க்கு 4 ஒரே இழை. 3-க்கு 5-ம் அப்படியே. ஆனால் 2-க்கு 2 வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையங்கள் வரும். 3-க்கு 3-இல் மூன்று: நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒடிசலான சாய்ந்த நீள்சதுரங்கள் இரண்டு. 4-க்கு 6-இல் இரண்டு. 6-க்கு 9 போடப் பொறுமை இருந்தால் மூன்று.

எண்களைப் பார்த்தாலே பிடிபட்டிருக்கும். வரிசை எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழைகள். ஏழாம் வகுப்பில் எதற்கென்றே தெரியாமல் மனப்பாடம் செய்த அந்த மீ.பொ.கா. வாசல்படியில் மாவாகக் கிடக்கிறது.

ஏன் அப்படி என்று விளக்குவதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. 3 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். வலது பக்கத்து 3-க்கு 3 சதுரத்தை மீதிக் கோலத்திலிருந்து பிரித்து ஒரு கற்பனைக் கோடு போடுங்கள். இடப்பக்கமிருந்து ஓர் இழை அந்தக் கோட்டைத் தாண்டி, வலப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து சதுரத்துக்குள் நுழைகிறது. மேல் விளிம்பில் பட்டுக் கீழே இறங்குகிறது, வலது விளிம்பில் பட்டு இடப்பக்கம் திரும்புகிறது, கீழ் விளிம்பில் பட்டு மேலே ஏறுகிறது. ஏறி எங்கே வருகிறது? நுழைந்த அதே இடத்துக்கு. சதுரத்தின் பக்கங்கள் சமம் என்பதால் போன தூரமும் வந்த தூரமும் கழிந்துபோகின்றன. இப்போது அது இடப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து வெளியேறுகிறது.

அந்தக் கற்பனைக் கோட்டின் இடத்தில் நிஜமாகவே ஒரு சுவர் இருந்திருந்தால் இழை என்ன செய்திருக்கும்? சுவரில் பட்டு, இடப்பக்கம் மேல்நோக்கித்தான் திரும்பியிருக்கும். ஆக, வெளியே நிற்பவருக்குச் சதுரமும் சுவரும் ஒன்றே. உள்ளே போன இழை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வருகிறது. எனவே சதுரத்தைத் துடைத்தெறிந்தாலும் இழைகளின் எண்ணிக்கை மாறாது. 3-க்கு 5 கோலம் 3-க்கு 2 ஆகிறது. அதிலிருந்து ஒரு 2-க்கு 2 சதுரத்தை நீக்கினால் 1-க்கு 2. இன்னொரு முறை நீக்கினால் ஒற்றைப் புள்ளி, ஒற்றை வளையம். 4-க்கு 6-இல் நீக்கிக்கொண்டே போனால் 2-க்கு 2 சதுரத்தில் வந்து நிற்போம்; சதுரத்தில் பக்கத்துக்கு எத்தனை புள்ளியோ அத்தனை வளையம். பெரியம்மா சொன்ன 'ரெண்டா நிக்கும்' இதுதான்.

பெரிதிலிருந்து சிறிதைக் கழித்துக்கொண்டே போய், சமமானதும் நிறுத்துகிற இந்த வேலைக்கு யூக்ளிடின் அல்காரிதம் என்று பெயர். கி.மு. 300 வாக்கில் அவர் எழுதிய 'எலிமென்ட்ஸ்' நூலின் ஏழாம் பகுதியில் இருக்கிறது. ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் இதே கழித்தலை இன்னும் நீட்டி, வகுத்தால் வரும் மீதிகளிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்க வழி சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதைக் குட்டகம் என்றார்கள். இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்களை இடித்து இடித்துக் கோலமாவு ஆக்குவது என்று நான் எனக்குள் மொழிபெயர்த்துக்கொள்வேன்.

தரையில் கணக்குப் போடுவது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, 1825-இல் சென்னையில் அச்சான 'கால சங்கலித' நூலில், புதுச்சேரியில் தான் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனப்பாடச் சொற்களிலிருந்து உருவி, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. வழிமுறை மட்டும் துல்லியமாகக் கையில் இருந்தது. கணினி என்று நாம் இன்று சொல்வதும் அப்படித்தானே வேலை செய்கிறது?

பள்ளியில் மீ.பொ.கா. காண வேறொரு வழி சொல்லிக்கொடுத்தார்கள்: இரண்டு எண்களையும் பகாக் காரணிகளாகப் பிரித்து, பொதுவானவற்றை எடுத்துப் பெருக்கு. 12-க்கும் 18-க்கும் சரி. எண்கள் நூறு இலக்கம், இருநூறு இலக்கம் என்று வளர்ந்தால் அந்த வழி நட்டாற்றில் விட்டுவிடும். மிகப் பெரிய எண்ணை வேகமாகக் காரணிப்படுத்த, இன்று நாம் வைத்திருக்கும் கணினிகளுக்கு எந்த வழியும் தெரியாது. தெரியாததால்தான் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977-இல் அமைத்த ரகசியக் குறியீட்டு முறை நிற்கிறது. யூக்ளிடோ காரணிகளின் பக்கமே போவதில்லை. கழித்து வந்த மீதியோடு வேலையை முடித்துக்கொள்கிறார். எத்தனை முறை வகுக்க வேண்டியிருக்கும் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் காப்ரியேல் லாமே 1844-இல் வரம்பு போட்டார்: சிறிய எண்ணின் இலக்கங்களைப் போல் ஐந்து மடங்கு, அதற்கு மேல் போகாது. நூறு இலக்க எண்ணாக இருந்தாலும் ஐந்நூறு வகுத்தலில் முடிந்துவிடும். அதிகபட்ச வேலை வாங்குகிற ஜோடிகள் எவை என்றும் அவர் காட்டினார். 2, 3, 5, 8, 13 என்று முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற ஃபிபொனாச்சி வரிசையில் அடுத்தடுத்த எண்கள்தான் அவை. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

கை எடுக்காமல் வரைவது என்றதும் கணிதம் படித்தவர்கள் ஆய்லரைத்தான் சொல்வார்கள். கோனிக்ஸ்பர்க் நகரத்தில் ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்ற முடியுமா என்று ஊர்க்காரர்கள் நடந்து நடந்து பார்த்தார்கள். அவர்களும் 'போட்டுப் பார்த்த' கட்சி. ஆய்லர் 1735-இல், ஊருக்கே போகாமல், முடியாது என்று நிறுவினார். ஒரு சந்திப்புக்குள் வருகிற வழியும் வெளியேறுகிற வழியும் ஜோடி ஜோடியாகக் கழியும். எனவே ஒற்றைப்படை வழிகள் கூடும் சந்திப்புகள் இரண்டுக்கு மேல் இருந்தால் நடக்காது. கோனிக்ஸ்பர்க்கில் நான்கு நிலப்பகுதிகளும் ஒற்றைப்படை.

சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு வெட்டிலும் நான்கு வழிகள், அதாவது எங்குமே இரட்டைப்படை. அப்படியானால் ஆய்லரின் கணக்குப்படி மூன்றுக்கு மூன்றையும் கை எடுக்காமல் வரைந்துவிடலாமே? வரையலாம், வெட்டும் இடத்தில் திரும்பிக்கொள்ளச் சம்மதித்தால். பெரியம்மா சம்மதிக்க மாட்டார். இழை நேரே போனால்தான் கண்ணுக்கு இழை. ஆய்லரின் விதியைவிடக் கோலத்தின் விதி கறாரானது என்பதை வெளிநாட்டுப் புத்தகங்கள் சில கோட்டை விட்டுவிடுகின்றன. கோலம் என்றதுமே 'ஆய்லர் பாதை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆய்லர் பொருந்துகிற இடம் மந்தைவெளியில் வேறொன்று உண்டு: 600028 அஞ்சல் எண்ணுக்குள் தபால் கொடுக்க நடப்பவர். அவர் எல்லாத் தெருக்களிலும் நடந்தாக வேண்டும், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவும் வேண்டும். தமிழில் இதற்குச் சொற்கள் தயாராகவே இருக்கின்றன. முட்டுச்சந்தில் ஒரு வழி, முச்சந்தியில் மூன்று, நாற்சந்தியில் நான்கு. ஆர்.கே. மடம் சாலையில் சின்னத் தெருக்கள் வந்து முட்டுகிற இடமெல்லாம் முச்சந்திதான். ஊர் முழுக்க நாற்சந்தியாக இருந்தால் ஒரு தெருவைக்கூட இரண்டாம் முறை மிதிக்காமல் வேலை முடிந்திருக்கும். முச்சந்திகளும் முட்டுச்சந்துகளும் இருப்பதால் சில தெருக்களில் மறுபடி நடந்தே ஆக வேண்டும். எவற்றில் மறுபடி நடந்தால் தூரம் குறையும்?

இதைக் கேட்டவர் சீனக் கணிதர் குவான் மெய்கு, 1960-இல். கணிதர்கள் நாட்டுக்கு உதவுகிற கணக்கைப் போடுங்கள் என்று மாவோவின் அரசு நெருக்கிய காலம் அது. விடை இப்படிப் போகிறது: ஒற்றைப்படைச் சந்திப்புகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். ஆகவே அவற்றை ஜோடி சேர்க்கலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவிலுள்ள வழியில்தான் இரண்டாம் நடை. மொத்த இரண்டாம் நடை குறைவாக வரும்படி ஜோடி சேர்த்தால் போதும். கல்யாணத் தரகர் வேலைதான். ஜோடிகளின் வாய்ப்புகள் கோடிக்கணக்கில் இருந்தாலும், எல்லாவற்றையும் பார்க்காமல் சிறந்ததைப் பிடிக்கும் வழியை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-இல் கண்டுபிடித்தார்.

தபால்காரரை விட்டு இப்போது கூரியர் பையனிடம் வாருங்கள். அவனுக்கு எல்லாத் தெருவும் வேண்டாம். பையில் இருக்கிற இருபது பொட்டலங்களின் இருபது வாசல்கள் போதும். வேலை குறைந்துவிட்டதாகத்தானே தோன்றுகிறது? இங்கேதான் தரை நழுவுகிறது. இருபது இடங்களையும் ஒரு சுற்றில் தொட்டுவிட்டுத் திரும்ப ஏறத்தாழ 608 கோடி கோடி வரிசைகள் உண்டு. நொடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சரிபார்க்கும் கணினிக்கு ஏறக்குறைய இரண்டு வருடம். ஒரு வாசல் கூடினால் முப்பத்தெட்டு வருடம். இருபத்தைந்து வாசல் என்றால் ஒரு கோடி வருடத்தைத் தொடும். பொட்டலத்தில் ஊறுகாய் இருந்தால்கூடத் தாங்காது.

கெட்டிக்காரத்தனமாக வெட்டிக் குறைக்கிற வழிகள் இருக்கின்றன. 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்கை 2006-இல் துல்லியமாகவே தீர்த்திருக்கிறார்கள். ஆனால் எந்த ஊரைக் கொடுத்தாலும் கண்டிப்பாக வேகமாக முடியும் என்று உறுதி தரும் வழி எதுவும் கையில் இல்லை. ரிச்சர்ட் கார்ப் 1972-இல் இப்படி முரண்டுபிடிக்கும் 21 கணக்குகளைப் பட்டியலிட்டு, ஒன்றை வேகமாகத் தீர்த்துவிட்டால் அத்தனையும் தீரும் என்று காட்டினார். எல்லா வாசல்களையும் ஒருமுறை தொட்டுச் சுற்றுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. விடையைக் கொடுத்தால் சட்டென்று சரிபார்க்க முடிகிற கணக்குகளுக்கெல்லாம் விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கவும் வழி உண்டா? என் பெரியம்மாவின் மொழியில், போட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி எப்போதும் இருக்குமா? கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் இதற்குத்தான். இருக்காது என்பதே பெரும்பாலோர் நம்பிக்கை, என்னுடையதும்தான். நம்பிக்கைக்குப் பரிசு கிடையாது.

மறுபடி கோலம். அதைக் கணினி அறிவியலுக்குள் முறையாகக் கொண்டுவந்தவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான கமலா கிருத்திவாசனும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' இருக்கிறது. ஒரு மொழியின் வாக்கியங்களைச் சில விதிகளிலிருந்து பிறப்பிப்பதுபோல், கட்டங்களில் அடுக்கிய குறிகளைப் பிறப்பிக்கும் இலக்கணத்தை அவர்கள் வகுத்தார்கள். சிறிய கோலத்திலிருந்து அதே குடும்பத்தின் பெரிய கோலம் வருவதற்கும் விதி எழுத முடிந்தது. கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் துறைக்காரர். அச்சான தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் வழியையும் எழுபதுகளிலேயே ஆராய்ந்தவர். அவர் 1988-இல் காலமான பின், அவர் நினைவு மலரில் கம்பிக் கோலத்தைப் பற்றிய கட்டுரை வந்தது. மூடிய இழை ஒவ்வொன்றும் ஒரு கம்பி. கம்பி எத்தனை என்பதுதான் பெரியம்மாவின் கேள்வியும்.

ஒட்டாத கோலத்தை ஒட்டவைக்க ஒரு தந்திரம் உண்டு. வெவ்வேறு இரண்டு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், வெட்டாமல் இரண்டையும் ஒதுங்கி வளைய விடுங்கள். இரண்டும் ஓர் இழை ஆகிவிடும். அதேபோல், தொடாமல் பக்கம் பக்கமாக ஓடுகிற இரண்டு இழைகளை ஓரிடத்தில் வெட்டவைத்தாலும் ஒன்றாகிவிடும். மூன்றுக்கு மூன்றை இரண்டே மாற்றத்தில் ஒற்றை இழை ஆக்கலாம். ஆனால் கோலம் ஒருபக்கம் கோணிக்கொள்ளும். பெரியம்மா அதைப் பார்த்தால் துடைத்துவிடுவார்.

கால் சுற்று திருப்பினாலும் அப்படியே தெரிகிற, அதே சமயம் ஒற்றை இழையாலான சதுரக் கோலம் வேண்டும். அண்டக் கதிர் ஆய்விலிருந்து ஓய்வு பெற்றுச் சென்னையில் கோலத்தின் பக்கம் திரும்பிய இயற்பியலாளர் எஸ். நாரணன் இதற்கு ஃபிபொனாச்சி எண்களைப் பிடித்தார். 5-க்கு 5 சதுரத்தை எடுங்கள். நடுவில் ஒரு புள்ளி; அதைச் சுற்றிக் காற்றாடி இறக்கைகள்போல் நான்கு 2-க்கு 3 நீள்சதுரங்கள். 25 புள்ளியும் கணக்கில் வந்துவிடும். லாமேயின் ஜோடிகள் இவை. அடுத்தடுத்த ஃபிபொனாச்சி எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை, ஆகவே ஒவ்வொரு இறக்கையும் ஒற்றை இழை. இறக்கைகள் நான்கு, நடு வளையம் ஒன்று, ஆக ஐந்து இழைகள். நடுப்புள்ளிக்கு மேலும் கீழும் இடமும் வலமும் உள்ள நான்கு புள்ளிகள் நான்கு வெவ்வேறு இறக்கைகளில் இருக்கின்றன. அந்த நான்கு இடங்களில் மட்டும் குறுக்கு வெட்டுப் போட்டால் போதும். ஐந்தும் ஒன்று, கோணலும் இல்லை.

அடுத்தது 8-க்கு 8. நடுவில் 2-க்கு 2 சதுரம், சுற்றி நான்கு 3-க்கு 5 இறக்கைகள். நான் இரண்டு நோட்டுப் புத்தகத்தைத் தீர்த்தேன். பிறகுதான் வரையாமல் யோசித்தேன். கால் சுற்றுக்கு மாறாத ஒற்றை இழை, கோலத்தின் மையத்தை ஒற்றைப்படை முறைதான் சுற்ற முடியும். இரட்டைப்படை முறை சுற்றினால் இழையின் கால் பங்கிலோ பாதியிலோ தன் வாலைத் தானே பிடித்து மூடிக்கொண்டுவிடும். சிக்குக் கோலத்தில் புள்ளி இருக்கும் அறைகளை இழைகள் ஒற்றைப்படை முறை சுற்றுகின்றன, புள்ளியில்லாத இடைவெளிகளை இரட்டைப்படை முறை. ஓர் இழையைத் தாண்டினால் ஒன்று மற்றதாக மாறும். ஐந்துக்கு ஐந்தின் மையத்தில் புள்ளி இருக்கிறது. எட்டுக்கு எட்டின் மையத்தில் வெறும் இடைவெளி. எத்தனை மார்கழி உட்கார்ந்தாலும் அது ஒட்டாது.